உள்ளே வந்த நேரம்

கேட்டருகே வேம்புவைப் பார்த்ததும் செல்லம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

"எம் புருசன் செவுரேறிக் குதிச்சி திருட வந்தான்னு டைப்பு அட்ச்ச கை இதானே?"

வேம்பு தலைகுனிந்து உள்ளே போனான். டைப் அடித்தது அவன்தான். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் டைம் ஆபீஸ் கிளார்க். பெட்டி விழுந்து செத்த கருணாகரன் அன்று டூட்டியிலேயே இல்லை என்று மேனேஜர் சொல்லச் சொல்ல அடித்தான்.

"கம்பெனி எலும்புக்கு வாலாட்டுற நாயி," என்றார் கொடியோடு நின்ற சங்கச் செயலாளர் வரதன். கூட்டம் சிரித்தது.

அந்த வரதனுக்குத்தான் மத்தியானம் வேம்பு போன் செய்தான். அன்றைய வருகை ஃபைலை அழிக்கச் சொன்னார்கள், நான் அழிக்கவில்லை என்றான். கருணாகரன், உள்ளே 6.10. வெளியே போன நேரம் காலி. நாளைக்கு லேபர் ஆபீஸ் விசாரணையில் இதைக் காட்டினால், செல்லம்மாவைத் திருடன் பெண்டாட்டி என்று யாரும் சொல்ல முடியாது.

வரதன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எப்டி வெளிய எடுத்தாருவ மாமு?"

ஆபீஸ் லேப்டாப்பில் இன்டர்நெட் கிடையாது. பென்டிரைவ் சொருகும் இடத்தை எம்-சீல் பசை வைத்து அடைத்துவிட்டார்கள். ஆனால் ரெண்டு லேப்டாப்பை வயரில்லாமல் நேராகவே சேர்க்கலாம். பழைய புத்தகங்களைப் படித்து வேம்பு தானே கற்றது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய டீக்கடையில் வரதனைச் சங்கத்து லேப்டாப்போடு உட்காரச் சொல்லி, எதை எதை அமுக்குவது என்று போனிலேயே சொன்னான். ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்துவிடச் சொன்னால், அவர் மொத்த டிரைவையும் திறந்துவிட்டிருந்தார்.

ஃபைல் போவதைக் காட்டும் பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது.

"வந்துச்சா தலைவரே?"

"வந்துடுச்சி. உன்னாண்ட கீறத அழிச்சிடு. மாட்டிக்கினா வேல பூடும். புள்ளகுட்டிக்காரன் நீ."

மனுசன் வாய்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டான் வேம்பு. சுவடில்லாமல் அழித்தான். செல்லம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடச் சொன்னான்.

இணைப்பைத் துண்டிக்கும் முன் ஃபைல் சரியாகப் போயிருக்கிறதா என்று வரதனின் டிரைவில் ஒருமுறை பார்த்தான். போட்ட இடத்தில் ஃபைலைக் காணோம். கருணாகரன் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதில் மாற்றி வைத்திருப்பாரோ என்று திறந்தான். கம்பெனிக்குச் சங்கம் எழுதிய கடிதம் ஒன்றுதான் இருந்தது.

'உறுப்பினர் கருணாகரன் சம்பவத்தன்று பணியில் இல்லை என்பதைச் சங்கம் ஏற்றுக்கொள்கிறது.'

கீழே வரதன் கையெழுத்து. தேதி, கருணாகரனைப் புதைத்த மறுநாள்.