கள்ளுக்கடை வீட்டுப் பெண்

"இன்னைக்குக் கடை கெடையாதுன்னு எத்தன தடவ சொல்றது? போய்த் தொலைங்களேன்!"

குஞ்சம்மாள் தட்டியை இழுத்து மூடினாள். செந்துறைப் பக்கம் இருக்கிற அத்தனை பேருக்கும் இன்றைக்கென்று பார்த்துத் தாகம் எடுத்துவிட்டது. ஒருவனை விரட்டினால் இன்னொருவன் வேலியோரம் வந்து பல்லை இளிக்கிறான். சனியன் பிடித்த பிழைப்பு!

சர்க்கார் மறுபடி கள்ளுக்கடைக்கு அனுமதி கொடுத்ததிலிருந்து புருஷன் அய்யாக்கண்ணு மரமேறி இறக்குவான், இவள் ஊற்றிக் கொடுப்பாள். விடிந்தால் குடிகாரன் முகம், பொழுதடைந்தால் குடிகாரன் முகம். அந்த வெறுப்பில்தான் ஒற்றைக்காலில் நின்றாள். மகள் மலர்கொடியைக் குடிக்கிறவனுக்கு மட்டும் கொடுக்க மாட்டாளாம்.

கடைசியில் மீன்சுருட்டியில் ஒரு மாப்பிள்ளை அமைந்தான். வாசனைகூட அறியாத பிள்ளை என்று தரகர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்.

அவர்கள் வருகிறார்கள் என்றுதான் இன்றைக்குக் கடை கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். காப்பியைத் தொடவே இல்லை.

"கள்ளுக்கட வூட்டுல கை நனைக்க மாட்டோம். புள்ளைக்குப் பச்சத்தண்ணி குடுங்க, போதும். கல்யாணத்துக்கு முந்தி கடைய மூடிப்புடணும், ஆமா."

குஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தக் கடைதானே மூன்று பேருக்கும் சோறு போடுகிறது? ஆனாலும் பெண்ணைப் பெற்றவள், வாயைத் திறக்க முடியுமா? மூடித் தொலைத்துவிட்டு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகலாம். நல்ல பையன் கிடைத்தால் சரி.

பானையில் தண்ணீர் மொண்டு சொம்பை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினான். உதட்டருகே கொண்டுபோனான். ஓரமாக ஓர் ஊது ஊதிவிட்டுக் குடித்தான்.

குஞ்சம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

பானைத் தண்ணீரை எவனாவது ஊதிக் குடிப்பானா? கள்ளில்தான் நுரையும் செத்த ஈயும் மிதக்கும். அதை ஊதி ஒதுக்கிவிட்டுத்தான் வாய் வைப்பார்கள். நேற்று இன்று பழகியவனுக்கு இந்த ஊது வராது.

அடப்பாவி மக்கா!

குரல் மட்டும் பாகாய் இனித்தது.

"கடைய எப்புடிங்க மூடறது? அப்புறம் மாப்புள்ள எங்க போயிக் குடிப்பாரு?"

மாப்பிள்ளையின் அம்மா வெடுக்கென்று மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.