காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள்

"முதல் வாரத்துலயே நாலு பேர் மூட்டை கட்டிட்டாங்க," என்ற வெஸ்லி, கல்லூரியின் பெயர் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

உணவக மேசைக்கு எதிரே இருந்த டெலேனியின் கழுத்தில் 'இடம் கிடைத்தவர்' என்ற அட்டை தொங்கியது. மருத்துவக் கல்லூரியில் நுழைவதற்கு மாணவர்களைத் தயார் செய்யும் முதுகலைப் படிப்பு அது. சேரப்போகிறவர்கள் வந்து சுற்றிப் பார்க்கும் நாள் இன்று.

"ஒமாஹா காலேஜ்லயும் எனக்கு இடம் கிடைச்சிருக்கு," என்றாள். "அங்க ரெண்டு வருஷம், நிதானமா சொல்லித் தருவாங்க. இங்க ஒரே வருஷம்."

"வருஷமா அது? ஜெயில். டாக்டருக்குப் படிக்கிறவங்க பக்கத்துலயே உட்கார வைப்பாங்க. அவங்க எழுதுற அதே பரீட்சை நமக்கும். நாம கோட்டை விட்டா அவங்க பார்ட்டி வைப்பாங்க."

அவள் சிரித்துவிட்டாள்.

வெஸ்லி அங்கே படிக்கவில்லை. ஸ்வெட்டர் காலையில் கல்லூரிக் கடையில் வாங்கியது. காத்திருப்போர் வரிசையில் அவன்தான் முதல் ஆள். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் போதும், அந்த இடம் அவனுக்கு.

இளங்கலைப் படிப்பில் கரிம வேதியியல் காலை வாரியதிலிருந்து எந்த மருத்துவக் கல்லூரியும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கறையைத் துடைக்க இந்தப் படிப்பை விட்டால் வேறு வழியில்லை. அதற்காகத்தான் பிட்ஸ்பர்குக்குப் பஸ் ஏறி வந்து, கல்லூரிக்கு எதிரே இருந்த இந்த உணவகத்தில், கழுத்தில் அட்டை மாட்டிய யாராவது வருவார்களா என்று உட்கார்ந்திருந்தான்.

"வாத்தியாருங்க எப்படி?"

"சந்தேகம் கேட்டுப் பாருங்க. 'உனக்கு வேற எங்கயும் இடம் கிடைக்கலையா'ன்னு திருப்பிக் கேப்பாங்க."

"அப்பாடா." டெலேனி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "நான் மட்டும்தான் பயந்தாங்கொள்ளியோன்னு நினைச்சேன். இன்னும் சொல்லுங்க."

கலங்குவாள் என்று எதிர்பார்த்தவனுக்கு அந்த நிம்மதி புரியவில்லை. இருந்தாலும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "எடுத்துக்கங்க. காலையிலேர்ந்து அத்தனை பேரும் சிரிச்சுச் சிரிச்சு ஆகா ஓகோங்கறாங்க. மனசுல இருக்கறதைச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

வாயில் போட்டதை விழுங்க வெஸ்லிக்கு வெகுநேரம் ஆனது. கண்ணாடிக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பொய் போதும் என்று தோன்றியது. அந்த ஒன்றுதான் வரவில்லை.

"புளுகிட்டேன்," என்றான்.

"எதை?"

"எல்லாத்தையும். நான் இங்க படிக்கவே இல்ல. நிஜத்துல இதுதான் நல்ல படிப்பு. டாக்டருக்குப் படிக்கிறவங்களோட அதே பரீட்சையில தேறிட்டா, இங்கேயே டாக்டர் படிப்புக்கு நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்க. ஒமாஹாவுல அது கிடையாது. கஷ்டம்தான், இல்லைங்கல. ஆனா கைவிட மாட்டாங்களாம். நீங்க இங்கதான் சேரணும்."

அவள் அவனையே பார்த்தாள். தட்டைத் திரும்ப இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தான். இழுக்கவில்லை.

இடம் போயிற்று. ஆனாலும் மூச்சு சீராக வந்தது.

"ஏன் புளுகினேன்னா..." என்று தொடங்கினான்.

அவள் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். போன் அதற்குள் காதுக்குப் போயிருந்தது.

"அட்மிஷன் ஆபீசா? மிசஸ் ஹார்க்ரோவ், நான் டெலேனி. காலையில எனக்கு வேணாம்னு சொன்னேனே, அந்த சீட்டை வேற யாருக்கும் குடுத்துடலையே?"