எழுத்துக்குள் சம்பா

பட்டுக்கோட்டை சாலையோர ஸ்டிக்கர் கடை வாசலில் வீரையனின் வேன், வயலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அந்த வயலை விற்றுத்தான் போன தையில் வேனை வாங்கினார். வயலின் பெயர் நாவலடி. வேனுக்கும் அதே பெயர். பின்கண்ணாடியில் எழுத்துகளை ஒட்டிவிட்டு மேல்தாளை மெல்ல உரிக்கிறாள் கடைக்காரி பிரகதீஸ்வரி. ஓடப்போகிறவை போல ஒருபக்கம் சாய்ந்த, மூலை மூலையாக மடிந்த வெள்ளை விளிம்புக் கோடுகள் மட்டும். நடுவில் ஒன்றுமில்லை. "உள்ள வெறுமையா இருக்கேம்மா. பச்சை குடுத்திருக்கலாமே?" என்கிறார் வீரையன். "குடுத்தா கண்ணாடி மறைஞ்சிடும்ங்க. பின்னாடி வர்ற வண்டி தெரியாது. ஏறி உக்காந்து பாருங்க." ஏறி அமர்கிறார். சாயங்கால வெயில் ஸ்டியரிங்கில் படிந்திருக்கிறது. வாய்க்கால் எங்கோ சளசளக்கிறது. தலைக்கு மேலிருக்கும் சிறு கண்ணாடியை விரலால் திருப்புகிறார். அதில் நாவலடி நேராகத் தெரிகிறது. ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் வேறு யாரோ நட்ட சம்பா. முதல் எழுத்தில் நுழைந்த காற்று பயிரைச் சாய்த்துக்கொண்டே கடைசி எழுத்துவரை போகிறது. "தெரியுதாங்க?" வெளியிலிருந்து கேட்கிறாள். "தெரியுதும்மா." வண்டியைக் கிளப்பினால் எழுத்துகளிலிருந்து பச்சை வடிந்துவிடும். வீரையன் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்.