கீழறை விருந்தாளி

சமர்கந்தில் மஸ்தூரா நடத்தும் விடுதியின் கீழறையில் யாரும் தங்கவில்லை. ஆனாலும் காலைதோறும் கட்டில் கசங்கிக் கிடந்தது. தலையணையில் சூடு இருந்தது. பூட்டை மாற்றியும் பயனில்லை.

வாடகை குறைவு, படியேற வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம் என்று பார்த்துப் பார்த்து, மனைவியின் அறுவை சிகிச்சைக்காக நுகுஸ் நகரத்துப் பெரியவர் ஒருவர் அந்த அறையைக் கேட்டிருந்தார். நாளை வருகிறார்கள்.

"எவன்டா அது? எந்திரிச்சுப் போடா!" மஸ்தூரா கட்டிலை உதைத்தாள்.

கணவன் எர்கின் சிரித்தான். "திட்டுறதும் நீ, தினம் டீ வைக்கிறதும் நீ."

"வீட்டுக்குள்ள ஆள் இருந்தா டீ குடுக்காம விடுறதா? நம்மள என்னன்னு நினைப்பாங்க?"

"எவ்வளவு ஊத்துறே?"

"அரைக் கிண்ணம். மரியாதைன்னா அப்படித்தானே…" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த ஊரில் அரைக் கிண்ணம் ஊற்றினால் 'இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன்' என்று பொருள். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்' என்று பொருள்.

"நல்லா தங்க வச்சே, போ!" என்றான் எர்கின்.

அன்று மாலை மஸ்தூரா கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பி, கட்டிலருகே ணங்கென்று வைத்தாள்.

காலையில் கிண்ணம் காலியாக இருந்தது. போர்வை அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தலையணை குளிர்ந்திருந்தது.