இறங்காத கை

ரியோ நகரின் ரயில் பாதை ஓரம், ரொட்டிக் கடைக்கு மேலுள்ள கூடத்தில், காலை வெயில் நீல மெத்தைமேல் சாய்ந்து விழுகிறது. அதில் மல்லாந்து கிடக்கிறார் பஸ் ஓட்டுநர் ஜெனிவால். வயது நாற்பத்தாறு, ஜியு ஜிட்சு என்னும் பிடிச்சண்டை கற்க வந்து ஒன்பதாம் நாள். வெள்ளை பெல்ட்டில் கடையில் போட்ட மடிப்பு இன்னும் கலையவில்லை. அவர் மார்பின்மேல் உட்கார்ந்திருப்பவள் மீன்காரி ஜுசாரா, அவர் மகள் வயதுக்காரி. அவருடைய காலரையே கயிறாக்கிக் கழுத்தை இறுக்குகிறாள். எலுமிச்சை தேய்த்தும் போகாத மீன் வாடை அவள் விரல்களில். மெத்தையில் இரண்டு தட்டு தட்டினால் விட்டுவிடுவாள். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அவர் கை மெத்தைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது. வெளியே கடகடத்துப் போகும் ரயில் அவர் காதுக்குள் எங்கோ தூரத்தில் தேய்கிறது. விரல்கள் தாமாக விரிகின்றன.

அதைக் கண்டு ஜுசாரா சட்டென்று பிடியை விடுகிறாள். ஜெனிவால் புரண்டு படுத்து இருமுகிறார்.

“ஏன் மாமா தட்டல?”

“தாங்கிடலாம்னு பார்த்தேம்மா.”

“நீங்க தட்டுவீங்கன்னு நம்பித்தானே நான் இறுக்குறேன்? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

அவள் பின்னுக்கு நகர்ந்து தன் கைகளை மடியில் இறுகக் கோத்துக்கொள்வதை அப்போதுதான் பார்க்கிறார். தன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிடுகிறார். மறுபடி மல்லாந்து படுக்கிறார். ஜுசாரா தயங்கித் தயங்கிக் காலரைப் பிடிக்கிறாள். பிடியில் பலமே இல்லை.

“இறுக்கும்மா,” என்கிறார் கம்மிய குரலில். “தட்டுறேன்.”