இன்னும் ஒரே ஒரு சந்தேகம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்கு ஒரே ஒரு சங்கம். அந்தச் சங்கத்துக்கு ஒரே ஒரு தலைவலி.

தலைவலியின் பெயர் சந்தேகம் சார்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில்தான் அவருக்குக் கை உயரும். "இன்னும் ஒரே ஒரு சந்தேகம்..." அவ்வளவுதான், கூட்டம் மறுபடி முதலிலிருந்து.

"இனிமே அரை மணி நேரம்தான்," என்றார் புதுச் செயலாளர். தொழில் பல் டாக்டர். "ஆறுக்கு ஆரம்பம், ஆறரைக்கு முடிவு. பேசினதையே திருப்பிப் பேசக் கூடாது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவே எனக்கு அவ்வளவு நேரம் ஆகாது."

"முடியலைன்னா, டாக்டரம்மா?" என்றார் பழைய செயலாளர், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். அவர் ஆட்சியில் கூட்டம் மூன்று மணி நேரம். அதில் பாதி அவருடைய வரவேற்புரை.

"முடியலைன்னா பதவி உங்களுக்கே, சார்."

வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டு வாங்கிய பதவி. சொன்ன பிறகுதான் டாக்டருக்கே அது நினைவுக்கு வந்தது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

கூட்டம் பறந்தது. மாடிப்படி விளக்கு, முடிந்தது. வண்டி நிறுத்தும் தகராறு, முடிந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுவது, முடிந்தது. மணி ஆறு இருபதுதான். ஜனங்கள் ஒருவரையொருவர் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜன்னலோரம் ஒரு கை உயர்ந்தது.

"தொட்டி கழுவறவர் உள்ள இறங்கிக் கழுவுவாரா, வெளிய நின்னா?"

"உள்ள இறங்கித்தான், சார்."

"அப்ப அவரோட காலை யாரு கழுவுவா?"

"அவரே கழுவிப்பார்!"

"தொட்டிக்குள்ளயா, வெளியவா?"

ஹாலே தலையில் அடித்துக்கொண்டது. "இந்த மனுஷனை எழுப்பி வெளிய அனுப்புங்கம்மா!" என்றது ஒரு குரல். மேனேஜர் மட்டும் புன்னகையோடு கடிகாரத்தைப் பார்த்தார்.

டாக்டர் எழுந்து நேராக ஜன்னலுக்கே போனார். "புழுக்கத்துலதான் சார் உங்களுக்குச் சந்தேகம் வருது. திரையைத் திறந்துடறேன்."

"ஐயோ, வேண்டாம்மா! கண்ணு கூசும்!"

"வெயில் அந்தப் பக்கம், சார்."

திரையை ஒரு கையகலம் விலக்கிக் கீழே பார்த்தார்.

'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்ற போர்டின்மேல் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டு ஜன்னல் உடைந்த அன்று வைத்த போர்டு. மேனேஜர் ஆட்சியில் ஐந்தே நிமிடத்தில் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். "எந்த வீட்டுப் பிள்ளையோ!" என்று முதல் ஆளாகக் கை தூக்கியவர் நம் டாக்டர்.

போர்டைச் சுற்றிக் குடியிருப்பின் மொத்தப் பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு. சத்தமே இல்லாமல். இரண்டு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே பந்து புகுந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து, கையைத் தூக்கி, குதித்து, கட்டிப்பிடித்து... ஒரு சின்ன முனகல்கூட இல்லை. ஒரு பொடிசு சந்தோஷம் தாங்காமல் காலரை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தது.

கோல் போட்டது, வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டிய டாக்டரின் மகள்.

"நாம எல்லாரும் இங்க அடைஞ்சு கிடக்கற நேரம்தான் அதுங்களுக்கு," என்றார் சந்தேகம் சார், உதடு அசையாமல். "இப்ப ரெண்டுக்கு ரெண்டு. இன்னும் பத்து நிமிஷம் கிடைச்சா..."

"ஆறு இருபத்தெட்டு," என்றார் மேனேஜர், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு. "முடிச்சுக்கோங்க டாக்டரம்மா. ஜெயிச்சுட்டீங்க."

எல்லோரும் எழுந்தார்கள். டாக்டர் திரையை இழுத்து மூடினார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்."

சந்தேகம் சாரே திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தொட்டி மூடிக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

"நீலம்," என்றது ஒரு குரல்.

"நீலமா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். பச்சை!"

"பச்சை அடிச்சா பாசின்னு நினைப்பாங்க!"

"மொட்டை மாடில இருக்கற மூடியை யாருங்க பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்!"

எழுந்தவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் நெருங்கின. காவிக் கட்சி ஒன்று புதிதாக முளைத்தது. மேஜையில் கடிகார முள் ஆறரையைத் தாண்டி அது பாட்டுக்குப் போனது.

"நேரம் தாண்டிடுச்சு!" மேனேஜர் துள்ளிக் குதித்தார். "பதவி எனக்கு!"

"தாராளமா எடுத்துக்கோங்க, சார். வரவேற்புரையை மட்டும் குறைச்சுடாதீங்க."

"குறைக்கறதா? இத்தனை வாரமா பேசாம விட்டது நெஞ்சு வரைக்கும் நிக்குதும்மா!" என்று மேனேஜர் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

ஒருவழியாக ஹால் காலியானது. கீழே பந்து, செருப்பு, சட்டை எல்லாம் மாயமாகிப் போர்டு மட்டும் ஒழுங்காக நின்றது. பல் டாக்டரும் சந்தேகம் சாரும்தான் மிச்சம்.

"சார், நிஜமாவே ஒரு சந்தேகம். அன்னிக்கு உடைஞ்சது உங்க வீட்டு ஜன்னல்தானே? யாரு உடைச்சதுன்னு தெரியாதுன்னு சொன்னீங்களே?"

சந்தேகம் சார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"என்ன அடி தெரியுமா அது! கார் ஷெட்டைச் சுத்தி வளைஞ்சு வந்துச்சு. உங்க பொண்ணுக்கு இடது கால்தான் பலம், டாக்டரம்மா," என்று சொல்லிவிட்டு, இல்லாத பந்தை உதைத்தபடியே படியிறங்கிப் போனார்.