மூன்றாம் கூடத்து விளக்கு

பல்கலைக்கழகக் கலைவிழாவின் நிகழ்ச்சிப் பட்டியல் அவரவர் போனுக்குத் தனித்தனியாக வரும். யார் மனதை எது நோகடிக்குமோ அதை நீக்கிவிட்டுத்தான் வரும். அங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கும் தணிகாசலத்தின் பட்டியலில் நாடகம் இருந்தது, பறையிசை இருந்தது. மூன்றாம் கூடத்து ஓவியக் கண்காட்சி மட்டும் இல்லை.

"அண்ணே, மூணாம் ஹால்ல நம்ம ஆதிரை வரைஞ்ச படம்ணே. காலையில நான்தான் லைட் மாட்டினேன். உங்களுக்குச் சொல்லலியா?" என்றான் கூட வேலை பார்க்கும் ஜெபராஜ்.

ஓவியம்தான் படிப்பேன் என்று மகள் ஆதிரை வீட்டைவிட்டுப் போய் நான்கு வருடமாகிறது. அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

தணிகாசலம் போய் நின்றபோது கதவு திறக்கவில்லை. "இந்தக் கண்காட்சி உங்களை வருத்தப்படுத்தும் ஐயா" என்றது, பரிவான குரலில். அவர் சற்று யோசித்தார். பிறகு மூன்றாம் கூடத்தில் விளக்கு சரியில்லை என்று தானே ஒரு புகாரைப் பதிந்தார். ஏணியோடு வந்த எலக்ட்ரீஷியனுக்குக் கதவு உடனே வழிவிட்டது.

உள்ளே, சுவர் உயரத்துக்கு ஒரு முதுகு. கட்டம்போட்ட அந்தச் சட்டை இன்னும் அவரிடம் இருக்கிறது. 'நான் கிளம்பியபோது அப்பா' என்று கீழே எழுதியிருந்தது.

வெளிச்சம் பிரேமின் மேல் விழ, முதுகு இருட்டில் கிடந்தது. "ஒரு லைட்டை ஒழுங்கா மாட்டத் தெரியல இவனுக்கு" என்று முணுமுணுத்தபடி ஏணியில் ஏறினார். முதுகு முழுக்கத் தெரியும்படி விளக்கைத் திருப்பி வைத்தார்.

"யாருங்க ஏணியில?" பின்னால் ஆதிரையின் குரல் கேட்டது.

இந்த முறை தணிகாசலம் திரும்பிப் பார்த்தார்.